யூமாவிலிருந்து ஓர் இடது கை

எங்கள் ஊரில் பேஸ்பால் ஆடலாம் என்று முதன்முதலில் முடிவு செய்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், அவன் கல்லறைக்கே போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். அந்தக் கல்லறையும் ஏப்ரல் முடியும்வரை பனிக்கடியில்தான் கிடக்கும், அது வேறு விஷயம். மினசோட்டாவின் வடக்கு மூலையில், குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன்மேல் காரோட்டிப் போய் மீன் பிடிக்கிற ஊர் எங்களுடையது. இங்கே ஐஸ் ஹாக்கி ஆடுகிறவன் புத்திசாலி. நான் பேஸ்பால்காரனைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

என் பெயர் அர்டிஸ். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். என் கணவன் நார்வல், ஐவர்சன் கல்லூரியின் பேஸ்பால் கோச். நான் பனியைத் தள்ளுகிறேன், அவன் காலத்தைத் தள்ளுகிறான் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்.

கல்லூரி பேஸ்பால் பிப்ரவரியில் தொடங்கிவிடும். யார் வைத்த சட்டமோ, வைத்தவன் நிச்சயம் தென்மாநிலத்துக்காரன். அப்போது எங்கள் மைதானத்தில் முழங்காலளவு பனி இருக்கும். பையன்கள் பழைய ஜிம்மின் அடித்தளத்தில், தாழ்ந்த கூரைக்குக் கீழே குளிர்காலம் முழுக்கப் பந்து எறிந்து பழகுவார்கள். உயரே போன பந்து எப்படி இறங்கும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். மார்ச்சில் பஸ் ஏறித் தெற்கே போவார்கள், ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தபடியே வரிசையாகத் தோற்றுவிட்டு, மூக்கு மட்டும் வெயிலில் சிவந்து திரும்பி வருவார்கள்.

தெற்கே தோற்பதை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெம்ரோஸிடம் தோற்பதுதான் தாங்காது. பெம்ரோஸ் கல்லூரி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. அதே குளிர், அதே கொசு, அதே லூத்தரன் தேவாலயம், ஆனால் அவர்கள் வேறு சாதிப் பிறவிகள் என்று சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு கல்லூரிகளும் பண்ணையிலிருந்து வந்த ஒரு பழைய பால் கேனுக்காக மோதும். ஜெயித்தவர்கள் கேனைக் கொண்டுபோவார்கள். ஆறு வருஷமாக அது பெம்ரோஸ் கோச் லைல் ஸ்டெனெரூட்டின் அறையில் இருக்கிறது. அவன் அதில் குடை வைத்திருக்கிறான் என்று கேள்வி. நார்வலுக்கு அந்தக் குடைதான் உறுத்தல்.

போதாக்குறைக்கு பெம்ரோஸின் பழைய மாணவர் ஒருவர், பணம் எங்கே போட என்று தெரியாமல், மைதானம் முழுவதையும் மூடுகிற அளவுக்குக் காற்றடைத்த கூடாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார். உள்ளே வெந்நீர்க் குழாய், செயற்கைப் புல், எல்லாம் உண்டு. ஆற்றங்கரையில் நின்றால் அதற்குக் காற்று ஊதும் இயந்திரம் உறுமுவது எங்களுக்குக் கேட்கும்.

அந்த பிப்ரவரியில் எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் நார்வலைக் கூப்பிட்டனுப்பினார். முந்தைய வருஷம்தான் டென்னிஸை மூடியிருந்தார். "அடுத்த வருஷத்துக்கு உருப்படியா பந்து எறியற ஒரு பிட்சரப் பிடிச்சுட்டு வா, நார்வல். இல்லேன்னா மைதானத்த கார் நிறுத்தறதுக்கு விட்டுடுவோம்" என்று சொல்லி, ஒரு பிஸ்கட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். நார்வல் அந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஐம்பத்தேழு வயது. பேஸ்பாலைத் தவிர வேறெதுவும் தெரியாது. பேஸ்பாலும் ஓரளவுக்குத்தான். ஆனாலும் அந்த பிஸ்கட்டை எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் மாத பஸ் பயணத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. அரிசோனாவின் யூமா நகரில் ஒரு பள்ளிக்கூட ஆட்டத்தை வேடிக்கை பார்க்கப் போன நார்வல், ஓர் இடதுகை பிட்சரைப் பார்த்தான். பெயர் எஃப்ராயின் ஓர்தாஸ். அவன் எறிந்த பந்தை அடிக்க முயன்ற பையன்கள் கொசு விரட்டுவதுபோல் மட்டையை வீசிவிட்டுப் போனார்களாம். அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பெரிய பல்கலைக்கழகத்தில் கோச் மாறி, புதுக் கோச் தன் ஆட்களைக் கூட்டிவந்ததில், பையன் நடுத்தெருவில் நின்றான். நார்வல் அவன் அம்மாவிடம் பேசினான். அந்த அம்மா கிரிசெல்டா, "எங்க வேணா படிக்கட்டும், நான் வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் சிக்கல். வெயில் ஊர்ப் பையன்களை நாங்கள் எப்போதும் செப்டம்பரில்தான் வரவழைப்போம். அந்த ஒரு மாதம் எங்கள் ஊர் கண்ணைப் பறிக்கும். மரமெல்லாம் சிவந்து, ஏரி நீலமாக, சூரியன் பொறுப்பாக வேலை செய்யும். பையன் அதில் மயங்கிக் கையெழுத்துப் போடுவான், நவம்பரில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுவான். அதற்குள் அட்மிஷன் முடிந்திருக்கும். கல்லூரிக் கையேட்டில் இருக்கிற மைதானப் படமும் ஒரு மே மாதத்தில் எடுத்ததுதான். அந்தப் படத்தில் நார்வலுக்குத் தலை நிறைய முடி.

ஆனால் ஓர்தாஸ் குடும்பத்துக்கு ஈஸ்டருக்குத்தான் லீவு. அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் மைதானத்தில் பெம்ரோஸ் ஆட்டம். வானிலை அறிக்கையைப் பார்த்ததும் நார்வல் படுத்துவிட்டான்.

"எவ்வளவு சொல்றான்?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டான்.

"பத்து அங்குலம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துல இருந்து."

"தப்பாத்தான் இருக்கும். அவனுங்க எப்பவும் தப்பாத்தானே சொல்வானுங்க?"

"போன தடவ பத்துன்னாங்க, பதினாலு பேஞ்சுது."

அவன் எழுந்து போய் அணியைக் கூட்டினான். விருந்தாளிகள் இருக்கும்வரை எல்லோரும் அரைக்கால் சட்டைதான் போட வேண்டும், எவனும் நடுங்கக் கூடாது, 'குளிர்' என்ற வார்த்தை எவன் வாயிலிருந்தும் வரக் கூடாது என்று உத்தரவு போட்டான். பையன்கள் தலையாட்டினார்கள். கல்லூரி வயதுப் பிள்ளைகளிடம் முட்டாள்தனமாக ஒன்றைச் செய்யச் சொன்னால் மட்டும் மறுபேச்சே இருக்காது.

வெள்ளிக்கிழமை விமானம் இறங்கும்போதே பொடிப்பொடியாக விழ ஆரம்பித்துவிட்டது. நார்வல் அரைக்கைச் சட்டையோடு விமான நிலைய வாசலில் நின்றான். முழங்கையெல்லாம் புல்லரித்திருந்தது. எஃப்ராயின் ஒல்லியாக, கதவு உயரத்துக்கு இருந்தான். வெளியே வந்ததும் முதல் வேலையாக நாக்கை நீட்டிப் பனியைப் பிடித்தான். கிரிசெல்டா குட்டையாக, இரண்டு கோட்டுகளுக்குள் இருந்தார். கண் மட்டும் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தது.

சாலை வழுக்கியதால் காரை நான் ஓட்டினேன். நார்வல் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு விற்பனையைத் தொடங்கினான்.

"இது ரொம்ப அபூர்வம், மேடம். இந்த மாசத்துல நாங்க பனியப் பாத்ததே இல்ல."

"அப்படியா? வருஷத்துல எத்தனை மாசம் பனி இருக்கும், கோச்?"

"டிசம்பர்ல கொஞ்சம். ஜனவரில கொஞ்சம். தூறல் மாதிரி வந்துட்டுப் போயிடும்."

நான் வண்டியைப் பள்ளத்தில் விடப் பார்த்தேன். இந்த ஊர் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தத் தூறலுக்காகத்தான். அந்த நேரம் பார்த்து எதிரே என் சக டிரைவர் லாரியில் வந்தான். வீட்டுக் கூரை உயரத்துக்குப் பனியை வாரி இறைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். நார்வல் அதைப் பார்க்காத மாதிரி ஹீட்டரைத் திருகினான்.

"அப்போ குளிர்காலத்துல பசங்க பந்து எறியறதுக்குத் தடையில்ல?" என்று கிரிசெல்டா கேட்டார்.

"தடையா! நாங்க நிறுத்தவே மாட்டோம், மேடம். ஜிம்முக்குக் கீழ இடம் இருக்கு. நவம்பர், டிசம்பர், ஜனவரி, தினமும் எறிவோம். கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலைல மட்டும் லீவு. சாயங்காலம் வந்துடணும்."

"சூப்பர், கோச்!" என்றான் பின்னாலிருந்து எஃப்ராயின்.

கண்ணாடியில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாடிப்போயிருந்தது. குளிரால் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஹீட்டரைத் திருகினேன்.

சனிக்கிழமை விடிந்தபோது பன்னிரண்டு அங்குலம். புல் கெட்டுவிடும் என்பதால் மைதானத்துக்குள் என் லாரி போகக் கூடாது. எனவே வழக்கம்போல ஊரே மண்வாரியோடு வந்தது. பல் டாக்டர், பாதிரியார், என் சீட்டாட்டக் கோஷ்டி, எல்லோரும் வாரினார்கள். பெம்ரோஸ் அணியும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு வார்த்தை பேசாமல் வார ஆரம்பித்தது. பகை பகைதான், ஆனால் பனி வாரும்போது மட்டும் பகை கிடையாது. வாரி முடித்த அடுத்த நிமிஷம் திட்ட ஆரம்பித்துவிடலாம்.

எங்கள் பையன்கள் அரைக்கால் சட்டையில் நீல முழங்கால்களோடு நின்றார்கள். கிரிசெல்டா ஒருவனிடம் போய், "குளிரலையாப்பா?" என்று கேட்டார்.

"இ-இ-இல்ல மேடம். வே-வே-வேர்க்குது" என்றான் அவன். அவனுக்கு அந்த வருஷம் கல்லூரி நாடகத்தில் வேஷம் கிடைக்காததற்குக் காரணம் அப்போது புரிந்தது.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அப்போது பெம்ரோஸ்காரன் ஒருவன் அடித்த பந்து வலது மூலையில் வாரிக் குவித்த பனி மேட்டுக்குள் சொருகிப் போனது. இரண்டு பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், இருவரும் வந்து சேர்ந்தால் நாங்கள் ஒன்று பின்னால். எங்கள் பையன் கையைத் தோள்வரை பனிக்குள் விட்டுத் துழாவி, ஒரு பந்தை உருவி எடுத்து, உயிரைக் கொடுத்து வீசினான். இரண்டாவதாக வந்தவன் அவுட். கூட்டம் குதித்தது.

லைல் ஸ்டெனெரூட் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். அது பழுப்பேறி, தையல் விட்டு, ஊறிப்போயிருந்தது.

"இது இன்னிக்குப் பந்து இல்லடா! போன அக்டோபர்ல நீங்க தொலைச்ச பந்து!"

"எந்தப் பந்தா இருந்தா என்ன, அவன் அவுட்டுதானே?" என்று நார்வல் எகிறினான்.

இருவரும் மூக்கோடு மூக்கு நின்று கத்தினார்கள். நடுவர் பனி மேட்டில் மறுபடி தோண்டச் சொன்னார். மேலும் இரண்டு பந்துகளும், ஒரு கையுறையும், பாதிரியார் தேடிக்கொண்டிருந்த தெர்மாஸ் குடுவையும் கிடைத்தன. தீர்ப்பு பெம்ரோஸுக்குப் போனது. ஒரு ஓட்டத்தில் தோற்றோம். பால் கேன் குடையோடு அங்கேயே இருக்கப் போகிறது. கிரிசெல்டா மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்துத் தைரியம் வந்து லைல் அவரிடம் நெருங்கினான். அடுத்தவர் வீட்டு விருந்தாளியிடம் ஆள் பிடிக்கக் கூடாது என்பது மரியாதை. லைலுக்கும் மரியாதைக்கும் ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை. ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"பாருங்க மேடம், இதுதான் இவங்க மைதானம், ஜனவரில. அதோ தெரியுதே, அது வேலியோட நுனி."

"ஏன் லைல்," என்றேன் நான், "உங்க மைதானம் ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே? அங்க ஆரஞ்சு காய்க்குதோ?"

"எங்ககிட்ட கூடாரம் இருக்கு, அர்டிஸ். பன்னெண்டு மாசமும் எறியலாம் மேடம். வெளிய என்ன கொட்டினாலும் உள்ள யூமா மாதிரியே இருக்கும்."

"எப்பவும் யூமா மாதிரியேவா?"

"எப்பவும்!"

கிரிசெல்டா யோசித்தார். "அந்தப் படத்த எனக்கு அனுப்பறீங்களா?" என்றார். லைல் பல்லெல்லாம் தெரிய அனுப்பினான். நார்வல் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான், மறுபடி அவிழ்த்தான். தோற்றது ஒரு பக்கம், பையன் கையைவிட்டுப் போனது மறுபக்கம். இனி எங்கள் மைதானத்தில் கார்கள்தான் நிற்கும் என்று எனக்கும் பட்டது. எனக்கு லைலைவிட நார்வல்மேல்தான் கோபம். தூறலாம் தூறல்!

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி ஹாட்டிஷ் செய்திருந்தேன். எஃப்ராயின் மூன்றாவது தட்டில் இருந்தான். நார்வல் ஹீட்டரை எவ்வளவு ஏற்றியிருந்தான் என்றால், மேசையில் வெண்ணெய் உருகி ஓடியது. கிரிசெல்டா இரண்டு கோட்டையும் கழற்றிவிட்டுக் கையால் விசிறிக்கொண்டார்.

"கோச், நான் என்ன வேலை பாக்கறேன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

"என்ன வேலை, மேடம்?"

"வீடு விக்கறேன். யூமால. யாருக்கு விக்கறேன் தெரியுமா?"

நார்வல் தெரியாது என்று தலையசைத்தான். எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் குளிர்காலத்துக்கு எங்கே ஓடுகிறார்கள்?

"மினசோட்டாக்காரங்களுக்கு!" என்றார் கிரிசெல்டா. "அக்டோபர்ல வந்து எறங்குவாங்க. எறங்கினதுல இருந்து ஏப்ரல் வரைக்கும் வாயத் திறந்தா பனிதான். ஒருத்தர் மாடி ஜன்னல் வழியா வீட்டை விட்டு வெளிய வந்தாராம். இன்னொருத்தர் காரையே பனிக்குள்ள ஒரு வாரம் தேடினாராம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நீங்க என்னடான்னா தூறல்ங்கறீங்க."

நார்வலின் காது சிவந்தது. எஃப்ராயின் தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"என் தொழில்ல ஒண்ணு கத்துக்கிட்டேன், கோச். எந்தச் சுவத்துல மட்டும் புது பெயிண்ட் இருக்கோ, அங்கதான் ஒழுகும்." அவர் என் பக்கம் திரும்பினார். "அர்டிஸ், நீங்க சொல்லுங்க. லாரிய எப்ப வெளிய எடுப்பீங்க, எப்ப உள்ள விடுவீங்க?"

நார்வல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவன் வேலை, மைதானம், குடை எல்லாம் இருந்தது. நான் அவனுக்காக நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் பனி என் தொழில். அதில் எனக்குப் பொய் வராது.

"அக்டோபர் கடைசில எடுப்பேன். ஏப்ரல் முடியற வரைக்கும் ஓடும். மே மாசம் அன்னையர் தினத்தன்னைக்குப் பனி தள்ளின வருஷமும் உண்டு. நவம்பர்ல மூடின மைதானத்த நடுவுல யாரும் கண்ணால பாக்க முடியாது."

நார்வல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்பாடா!" என்றார் கிரிசெல்டா. நாற்காலியில் சாய்ந்தே விட்டார். "இந்த ஒரு வார்த்தையக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மகனின் இடது முழங்கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார், ஏதோ சாமானைக் காட்டுவதுபோல்.

"ஏழு வயசுல எறிய ஆரம்பிச்சான். எங்க ஊர்ல மழை கிடையாது, பனி கிடையாது. ஸ்கூல் முடிஞ்சா கிளப், கிளப் முடிஞ்சா வேற லீக், அது முடிஞ்சா கோச்சுங்க பாக்க வர்ற ஆட்டம். ஒரு மாசம் சும்மா இருந்ததில்ல. போன கோடைல இந்த முழங்கை இவ்வளவு பெருசு வீங்கிச்சு. வருஷத்துல நாலு மாசம் பந்தையே தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். யார் கேக்கறா? நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், பந்த ஒளிச்சு வெச்சேன். வெயில் அடிக்குது, எவனாவது வாசல்ல வந்து கூப்பிடறான், இவனும் ஓடிடறான். சரி, என் பேச்சக் கேக்காதவன் பனி பேச்சையாவது கேப்பான்னு கூட்டிட்டு வந்தா, கிறிஸ்துமஸ் சாயங்காலம் எறிவோம்ங்கறீங்க!"

"அம்மா, இப்ப கை நல்லாத்தான் இருக்கு" என்றான் எஃப்ராயின்.

"நீ சாப்பிடு."

"அப்போ லைலோட கூடாரம்?" என்றேன் நான்.

"அந்த மனுஷன் பக்கமே போக மாட்டேன். எந்த யூமாவ விட்டு ஓடி வந்தேனோ, அதையே காத்தடைச்சு வெச்சிருக்கார். கோச், நவம்பர்ல இருந்து பிப்ரவரி முடியற வரைக்கும் இவன் கைல பந்து இருக்கக் கூடாது. சரின்னா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஆள் பிடிக்கிற கோச் எவனாக இருந்தாலும் அந்த நிமிஷமே சரி என்றிருப்பான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தத் தொழிலின் மூச்சு. நார்வலும் அப்படித்தான் சொல்வான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை. பெம்ரோஸ்காரர்கள் குளிர்காலம் முழுக்கக் கூடாரத்தில் எறிவார்கள், நாம் மார்ச்சில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிப்போம் என்று அவன் மனதில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. உருகி ஓடிய வெண்ணெயைக் கத்தியால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். அப்புறம் எஃப்ராயினிடம் தன் வலது கையைக் காட்டினான்.

"தம்பி, இதப் பாரு." கையைத் தூக்கினான். தோளுக்கு நேராக வந்ததும் அது நின்றது. "இதுக்கு மேல போகாது. மாட்டுக் கொட்டகைல எங்கப்பா எனக்கு எறியறதுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். நல்ல மனுஷன், ஆசையாப் பண்ணினார். தெக்க இருக்கறவன் எறியறான், நீயும் எறிடான்னார். குளிர்காலமெல்லாம் எறிஞ்சேன். பத்தொம்பது வயசுல ஒரு பிப்ரவரில, உள்ள ஏதோ அறுந்துச்சு. சத்தம் எனக்கே கேட்டுச்சு."

இந்தக் கதையை அவன் எந்த ஆட்டக்காரனிடமும் சொன்னதில்லை. டிராக்டரிலிருந்து விழுந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வான். இது தெரிந்தும் பிள்ளைகளை அந்த அடித்தளத்துக்கு ஏன் இறக்குகிறாய் என்று நானும் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும். பயம். தெற்கத்திக்காரனிடம் பின்தங்கிவிடுவோமோ என்று அவன் அப்பாவுக்கு இருந்த அதே பயம். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட வேண்டும்போல் இருந்தது.

"நாலு மாசம்," என்றான் நார்வல். "இவன் மட்டுமில்ல மேடம். எங்க அணில ஒருத்தனும் தொட மாட்டான்."

"கோச்சுங்க சொல்றத நான் நம்பறதில்ல."

"நம்பாதீங்க. வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணிக் கேளுங்க."

கிரிசெல்டா கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஹாட்டிஷ் கேட்டார்.

விளையாட்டுத் துறைத் தலைவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் முழு மகிழ்ச்சி இல்லை. "பிட்சர் வந்துட்டான், சரி. வர்ற வசந்தத்துல பால் கேனும் வரணும். வரலேன்னா கார்தான்" என்றார். இந்த முறை பிஸ்கட் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட்டில் எஃப்ராயின் வந்தான். நவம்பர் முதல் தேதி நார்வல் அடித்தளத்தைப் பூட்டினான். பையன்கள் ஓடினார்கள், எடை தூக்கினார்கள், ஐஸில் சறுக்கினார்கள். எஃப்ராயின் விழுந்து விழுந்து சறுக்கக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யூமாவிலிருந்து ஃபோன் வரும். கிரிசெல்டா மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "பனி எப்படி இருக்கு?" என்பார். இருக்கிறது என்பேன். "நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிடுவார். நார்வல்தான் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அலைந்தான். எறிய ஆளில்லாமல் என் சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினான். ராத்திரியில் ஆற்றுப் பக்கம் கூடாரம் உறுமுவது கேட்கிறது என்று புரண்டு படுப்பான்.

ஜனவரி கடைசியில் கிறுக்குப் பிடித்த மாதிரி ஒரு வெப்பம் வந்தது. நாலு நாள் தெற்குக் காற்று, நல்ல வெயில். லாரி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து நான் பார்க்காதது. கூரையெல்லாம் சொட்டி, மைதானத்தின் பனி கரைந்து ஓடி, புல் தலைகாட்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அணி மொத்தமும் கையுறையோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்னால் அரைக்கால் சட்டையில் எஃப்ராயின். கையில் பந்து.

"கோச், வெளிய வந்து பாருங்க! புல்லு தெரியுது!"

நார்வல் படியில் வந்து நின்றான். ஈரப் புல்லின் வாசனை வாசல்வரை வந்திருந்தது. மே மாதத்தில்தான் அவனுக்கு அந்த வாசனை கிடைக்கும். அவன் மூக்கு விடைத்தது.

"பத்தே பந்து, கோச். கை பாட்டுப் பாடுது. பெம்ரோஸ்காரனுங்க மூணு மாசமா எறிஞ்சுட்டே இருக்கானுங்க."

"பத்து பந்தா?" என்றான் நார்வல். குரலே மாறிவிட்டது. அவன் கை பந்துக்காக நீண்டது.

உள்ளே ஃபோன் அடித்தது. எடுத்தேன். கிரிசெல்டாதான். "பனி எப்படி இருக்கு, அர்டிஸ்?"

என்ன சொல்ல? பனி விஷயத்தில் எனக்குப் பொய் வராது என்று சொன்னேனே. ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நார்வலிடம் நீட்டினேன். "பனி எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. நீயே சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். மைதானத்தைப் பார்த்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். எஃப்ராயின் கையிலிருந்த பந்தை வாங்கி, நெடுநேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தன் பைக்குள் போட்டான்.

"இடுப்பளவு இருக்கு, கிரிசெல்டா," என்றான் ஃபோனில். "கதவையே திறக்க முடியல. மார்ச் வரைக்கும் கரையாது."

ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் கண் கூச நின்றுகொண்டிருந்த பையன்கள் பக்கம் திரும்பினான்.

"வீட்டுக்குப் போங்கடா. பனில நின்னா சளி பிடிக்கும்."